சனிக்கிழமை நாலு மணிக்குப் போகும் லைன்

போன மாதம் என் வீட்டு இன்டர்நெட் போய்விட்டது. சிரிக்க வேண்டாம். வாழ்நாள் பூராவும் ஊரார் வீட்டு இன்டர்நெட்டைச் சரிசெய்து கொடுத்தவன் வீட்டில் போய்விட்டது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த கம்பெனியின் கனெக்‌ஷன்தான். ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்கு சால்வை போர்த்தி, இனிமேல் உங்கள் வீட்டுப் புகார்தான் எங்களுக்கு முதல் புகார் என்று மேடையில் பேசினார்கள். சரி, பார்ப்போமே என்று புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு மெஷின் பெண் பேசினாள். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். விளக்கு எரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்று கத்தினேன். உங்களுக்கு உதவியதில் மகிழ்ச்சி என்று சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.

அடப்பாவிகளா! மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால் லைன் பெட்டியிலிருந்து கீழே இறங்கும் ஒயரை அணில் கடித்து வைத்திருக்கிறது. நானே ஒட்டுப் போட்டுக்கொண்டேன். கம்பெனிக்கு இன்றுவரை அது தெரியாது. அவர்கள் கணக்கில் அவர்கள்தான் சரிசெய்தார்கள்.

மந்தைவெளி டீக்கடையில் இதைச் சொன்னபோது எங்கள் பழைய ஆபீஸ் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரபு என்று ஒருவன், இப்போது எங்கள் ஏரியாவைப் பார்க்கிறவன், "தாமுண்ணா, நீங்க பார்த்ததுலயே பேஜாரான ஃபால்ட் எது? எழுதிக் குடுங்க, நம்ம குரூப்ல போடலாம்" என்றான். ஏதோ தமாஷாக எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறான். தம்பி, நீ கேட்டாய், எழுதுகிறேன். படித்துவிட்டு சோறு இறங்கவில்லை என்றால் என்னைச் சொல்லாதே.

நான் வேலைக்குச் சேர்ந்தது கம்பம் ஏறுகிறவனாக. அப்போது வெறும் டெலிபோன்தான். பிறகு அதே செப்புக் கம்பியில் இன்டர்நெட் வந்தது. கிண்டியில் ஒரு ஏ.சி. அறையில் உட்கார வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தினார்கள். வெயிலில் காய்ந்தவனுக்கு ஏ.சி. கிடைத்தால் என்ன செய்வான், பாதி நேரம் தூங்கினேன். மீதியை அடையாறிலும் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டது இதுதான். வீட்டுக்குள் போனதும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. வீட்டுக்காரர் அதைத்தான் கைகாட்டுவார், அதனால் நம் கையும் அங்கேதான் போகும். போகக் கூடாது. மூன்று கேள்வி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மோடம் தெரிகிறதா? மோடத்துக்கு எங்கள் எக்ஸ்சேஞ்ச் தெரிகிறதா? எக்ஸ்சேஞ்சுக்கு வெளி உலகம் தெரிகிறதா? இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். மோடத்தில் லைன் விளக்கு என்று ஒன்று உண்டு. அது அசையாமல் பச்சையாக எரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் சுகம், குற்றம் வீட்டுக்குள். மினுக்கினால் குற்றம் வெளியே. அப்போது வீட்டுக்குள் ஓடும் ஒயரையெல்லாம் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழைகிற முதல் இடத்திலேயே மோடத்தை மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் மினுக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவரைக்கும் நடக்க வேண்டும். பாதிப் பேர் இந்த நடைக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல வைரஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

வேடிக்கையும் இல்லாமல் இல்லை. மயிலாப்பூரில் ஒரு மாமி. பூஜை விடுமுறை முடிந்ததும் புகார் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தால் மோடத்துக்கு நெற்றி, கன்னம் எல்லாம் சந்தனம், குங்குமம். ஒயர் மாட்டுகிற ஓட்டைக்குள்ளேயும் சந்தனம் போய் இறுகிக் கிடக்கிறது. "ஆயுத பூஜையாச்சே, ஆத்துல இருக்கற எல்லாத்துக்கும் இட்டேன். இதுக்கு மட்டும் இடாம விட்டா அதுக்குக் கோவம் வராதோ?" என்றார். "இட்டதுக்குத்தான் மாமி கோவம் வந்திருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தார். குண்டூசியால் சுரண்டி எடுத்ததும் இன்டர்நெட் வந்துவிட்டது. இப்படிப் பத்து வீடு கிடைத்தால் இந்த வேலை ராஜ வேலை.

கசப்பு ஆரம்பித்தது எங்களுக்கு ஞானசேகர் சார் மேனேஜராக வந்த பிறகு. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்தவே மாட்டார். கெட்ட வார்த்தை கிடையாது. கம்பம் ஏறுகிறவனையும் "வாங்க, உக்காருங்க" என்பார். எல்லோரும் அவருக்கு "ராஜா"தான். நாம் ஏதாவது சொல்ல ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். நாம் மூச்சுவிடாமல் பேசி முடிக்கிறவரை துடைப்பார். முடிந்ததும் மாட்டிக்கொண்டு, "சரிங்க ராஜா, கம்ப்ளெயின்ட் குளோஸ் ஆயிடுச்சா?" என்பார். அவ்வளவு நேரம் சுவரோடு பேசியிருக்கிறோம் என்று அப்போதுதான் புரியும். என்னை அடித்த மேஸ்திரிகள்கூட என் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறார்கள்.

அவர் கொண்டுவந்ததுதான் இந்த நம்பர் கேட்கிற வழக்கம். புகார் கொடுத்தால் வாடிக்கையாளர் செல்போனுக்கு ஒரு நம்பர் வரும். நாங்கள் போய் வேலையை முடித்த பிறகு, அவருக்குத் திருப்தி என்றால் அந்த நம்பரை எங்களிடம் சொல்வார். அதைப் போட்டால் புகார் முடியும். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் மேனேஜர் ஸ்க்ரீனில் அந்தப் புகார் சிவப்பாகிவிடும். சிவப்பு கூடினால் மேலே இருக்கிறவர்கள் அவரைக் கேட்பார்கள். அவர் என்ன செய்தார்? ஆள் கிளம்புவதற்கு முன்னாலேயே ஆபீஸிலிருந்து போன் போடச் சொன்னார். "மேடம், டெக்னீஷியனை அனுப்பறோம், உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க." ஆள் வருவதற்கு அந்த நம்பர் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு அவர்களும் சொல்லிவிடுவார்கள். புகார் முடிந்தது. வாடிக்கையாளர் திருப்தி. நாங்கள் பிறகு சாவகாசமாகப் போவோம். இல்லாத புகாருக்கு யார் அவசரப்படுவார்கள்?

இந்த நேரத்தில்தான் மெர்சி டீச்சர் வீட்டுப் புகார் என்னிடம் வந்தது. ஏற்கெனவே ஒப்பந்த ஆட்கள் மூன்று நான்கு முறை போய்விட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் லைன் நன்றாக இருக்கிறது, குற்றமில்லை என்று பதில்.

வீடு மயிலாப்பூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால், சந்துக்குள் ஒரு சந்து. ஒரே வாசல், உள்ளே நீளமாக ஒரு முற்றம், இரண்டு பக்கமும் ஒண்டுக் குடித்தனங்கள். ஒரு வீட்டில் தும்மினால் எதிர்வீட்டில் கேட்கும். மெர்சி கடைசி வீடு. சாந்தோம் சர்ச் பக்கத்துக் குடும்பம், வீட்டில் பாதிப் பேர் டீச்சர்கள், அவரும் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒல்லியாக, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைக் கதவருகிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நீங்களும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

"பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். மூன்று கேள்வியும் கேட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு மோடம் தெரிந்தது. லைன் விளக்கு சிலை மாதிரி நின்று எரிந்தது. பழைய கம்ப்யூட்டர்தான், ஆனால் திருத்தமாக இருந்தது. லைனைப் பிடித்துக்கொண்டு முற்றம் வழியாகத் தெருப் பெட்டிவரை போய்வந்தேன். ஒட்டுகள் எல்லாம் சுத்தம்.

"இப்ப நல்லாத்தான் சார் இருக்கும். திங்கட்கிழமை எப்பவுமே நல்லா இருக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பாருங்க."

"மத்த நேரம் போகுதா?"

"மத்த நேரம் எனக்கு எதுக்கு சார் இன்டர்நெட்?"

அப்புறம்தான் சொன்னார். அவருக்கு ஒரு மகள், ஜெனி, ஒன்றாம் வகுப்பு. கணவரோடு குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு. வழக்கு முடிகிறவரை குழந்தை அப்பாவிடம், பாலவாக்கத்தில் அவருடைய பெற்றோர் வீட்டில். மாதத்தில் ஒரு நாள் கோர்ட் வளாகத்தில் வைத்துக் குழந்தையைப் பார்க்கலாம். அது போக, சனிக்கிழமைதோறும் நாலு மணியிலிருந்து நாலரைவரை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம் என்று கோர்ட் அனுமதித்திருந்தது. பாலவாக்கம் என்ன சிங்கப்பூரா? பஸ் ஏறினால் போய்விடலாம். அந்தக் குழந்தையை இந்த அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அது நான் சரிசெய்ய வந்த லைன் இல்லை.

"குழந்தை வந்து உக்காரும் சார். 'அம்மா' அப்படிங்கும். உடனே படம் நின்னுடும். நான் இங்கே கத்திக்கிட்டு இருப்பேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப வரும், மறுபடி போயிடும். எனக்குக் குழந்தைகிட்ட பேசவே பிடிக்கலைன்னு அந்தப் பக்கத்து வக்கீல் எழுதியிருக்காரு. வேணும்னே கட் பண்றேனாம். இப்படியே போனா சனிக்கிழமைப் பேச்சையே நிறுத்திடச் சொல்லிக் கேட்டிருக்காங்க."

"போன்ல பேசக் கூடாதாம்மா?"

"இந்தச் சந்துக்குள்ள டவர் எங்க சார் கிடைக்குது? ஒரு தடவை ரோட்டுக்கு ஓடிப் போய் நின்னு பேசினேன். நடுத்தெருவுல நின்னுக்கிட்டு குழந்தைகிட்ட பேசறாங்கன்னு அதையும் எழுதிட்டாங்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் புகார் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் எங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்ததும் நம்பரைச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை ஆள் வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை என்னை அந்த வீட்டுக்கு விடுங்கள் என்று ஞானசேகர் சாரிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு மணிக்கு மட்டும் போகிற லைன் என்றால் பக்கத்தில் ஏதோ மின்சாதனம் கெடுக்கிறது, அந்த நேரத்தில் போனால்தான் பிடிக்க முடியும் என்று விளக்கினேன். அந்தச் சந்துக்குச் செப்புக் கம்பிக்குப் பதிலாக ஃபைபர் போட்டாலும் இந்தத் தொல்லை தீரும் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அங்கே ரெண்டே ரெண்டு கனெக்‌ஷன் ராஜா, ஃபைபருக்குக் கட்டுப்படியாகாது. அந்த கம்ப்ளெயின்ட்தான் குளோஸ் ஆயிடுச்சே? குளோஸ் ஆனதுக்கு நான் எப்படிங்க ஆள் அனுப்பறது? சனிக்கிழமை நீங்க பெசன்ட் நகர்."

போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பெசன்ட் நகருக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய மனிதர் வீட்டில் மாடிக்கு வைஃபை எட்டவில்லையாம். அதற்கடுத்த சனிக்கிழமை சொந்த லீவு போட்டுவிட்டு மயிலாப்பூருக்குப் போனேன்.

கையில் மோடமும் மீட்டரும், சட்டைப் பையில் ஒரு சின்ன ரேடியோவும் வைத்திருந்தேன். பிரபு, இதைக் கவனி, உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மீடியம் வேவ் ரேடியோ. எந்த ஸ்டேஷனும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தினால் லேசான இரைச்சல் மட்டும் கேட்கும். பக்கத்தில் ஏதாவது மோட்டாரிலோ சுவிட்சிலோ பொறி பறந்தால் அது கரகரவென்று கத்தும். கிட்டப் போகப் போகச் சத்தம் கூடும். அந்தப் பொறிதான் செப்புக் கம்பிக்குள் புகுந்து இன்டர்நெட்டைக் குழப்பும்.

நாலு மணிக்கு மெர்சி நல்ல புடவை கட்டி, தலை வாரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு பொம்மை. நான் மோடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் ஒரு சின்ன முகம் வந்தது, இரட்டைச் சடை. "அம்மா, நேத்து ஸ்கூல்ல" என்று ஆரம்பித்தது. வெளியே கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. லைன் விளக்கு படபடவென்று மினுக்கியது. குழந்தையின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

ரேடியோவைத் திருகினேன். காது கிழிந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். சத்தம் சுவரோரமாகக் கூடிக்கொண்டே போய் ஒரு கதவின் முன்னால் கொண்டுவிட்டது. மெர்சிக்கு அடுத்த வீடு. உள்ளே ஒரு பெண்மணி பெரிய கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தார். சரசு. இட்லி மாவு அரைத்துப் பக்கத்துக் கடைகளுக்குப் பாக்கெட் போடுகிறவர். மயிலாப்பூரில் கிரைண்டர் ஓடாத வீடு ஏது, நல்ல கிரைண்டர் யாரையும் கெடுக்காது. இது கிழட்டு மெஷின். சுவிட்சுக்கு உள்ளே நீலமாகப் பொறி பறப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. எங்கள் லைனும் அந்தச் சுவரில்தான், கரண்ட் ஒயரை உரசிக்கொண்டு போகிறது.

"யம்மா, கொஞ்சம் மெஷினை நிறுத்துங்க!"

"இன்னாத்துக்கு? யாரு நீ?"

"இன்டர்நெட் கம்பெனி. நிறுத்துங்கம்மா முதல்ல."

"நிறுத்த முடியாது நைனா. அரை மணி நேரம் கய்ச்சி வா. அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவர் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்து வூட்டு டீச்சரு சனிக்கெயம ஆனா கொயந்தையாண்ட பேசும். பேசும்போதே அய்துடும் சார். இங்க கீதுங்க பாரு, அம்மாம் பேரும் வேலைய வுட்டுட்டு சன்னலாண்ட காதை வச்சிக்கினு நிக்கும். புருசன் வுட்டுட்டான், புள்ளைய பிடுங்கிக்கினான்னு ஒரே பேச்சு. அதான் நான் மாவு அரைக்கிறதையே நாலு மணிக்கு மாத்திக்கினேன். மெஷின் ஓடிச்சின்னா எவ காதுலயும் வுழாது. அது நிம்மதியா அய்துட்டுப் போவட்டும்."

திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்திருந்தேன். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ காரணத்தால் லைன் போயிருக்கிறது. எலி, மழை, கார்ப்பரேஷன் பள்ளம். இப்படி ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை.

"கரண்ட் லீக் ஆவுதும்மா, ஷாக் அடிச்சிடும், நிறுத்துங்க" என்று பொய் சொன்னேன். பயந்து நிறுத்தினார். முற்றம் சட்டென்று அமைதியானது. உள்ளே மெர்சியின் குரல், "ஜெனி, ஜெனிம்மா, அம்மா தெரியறேனா?" என்று முற்றம் முழுக்கக் கேட்டது. அப்புறம் குழந்தை என்னவோ படம் வரைந்து காட்டியிருக்க வேண்டும், சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன. சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி வேடிக்க? வூட்ல அடுப்பு அணைஞ்சி பூச்சா?" என்று போட்ட சத்தத்தில் தலைகள் உள்ளே போயின.

நாலரைக்கு மெர்சி வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தாலும் பளிச்சென்று இருந்தது. "எப்படி சார் சரியாச்சு?" என்றார். சரசு உள்ளே போகிறவரை காத்திருந்து உண்மையைச் சொன்னேன். சரசு வீட்டுக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா செத்துடுவாங்க. இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அவங்க ஒருத்தர்தான்."

மறுநாளே தெரிந்த மோட்டார் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் சுவிட்சையும் ஒயரையும் மாற்ற வைத்தேன். ஷாக் அடிக்கும் என்ற பொய்யையே நிலைநிறுத்தினோம். கிரைண்டரைப் போட்டுப் பார்த்தேன். ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முட்டாள்தான் நான்.

வழக்கு நாள் வந்தது. மெர்சியின் வக்கீல் நல்ல எண்ணத்தோடுதான் ஒன்று செய்தார். சனிக்கிழமைகளில் லைன் போனது உண்மை என்று காட்டக் கம்பெனியிடம் ஒரு கடிதம் கேட்டார். கம்பெனி உடனே கொடுத்தது. அதற்கெல்லாம் சுறுசுறுப்பு. கடிதத்தில் என்ன இருந்தது? ஒவ்வொரு சனிக்கிழமையும் புகார் வந்தது, அன்றைக்கே சற்று நேரத்தில் சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளரே திருப்தி தெரிவித்தார். நேரில் பார்வையிட்டதில் குற்றம் எதுவும் இல்லை. எதிர்த்தரப்புக்கு அல்வா மாதிரி கிடைத்தது. லைன் நன்றாக இருந்திருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று இவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், பிறகு யார் துண்டித்தது?

மெர்சி எனக்குப் போன் செய்தார். "ஆள் வரணும்னா நம்பர் வேணும்னு சொன்னாங்க சார். அதான் சொன்னேன்."

நேராக ஞானசேகர் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நடந்தது முழுவதையும் சொன்னேன். ஒரு குழந்தை முகத்தை ஒரு தாய் பார்ப்பது இதில் தொங்குகிறது, உண்மையை எழுதி ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன். கண்ணாடி சுழன்று சுழன்று துடைபட்டது. மாட்டிக்கொண்டார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குங்க ராஜா. ஆனா சிஸ்டத்துல என்ன இருக்கோ அதைத்தானே நான் எழுத முடியும்? நம்பரை அவங்கதானே சொன்னாங்க?"

"நீங்க கேட்டு வாங்கினீங்க சார்."

"கேக்கறது நம்ம வேலை. சொல்றது அவங்க இஷ்டம்."

அந்த மனிதரை நான் அடிக்காமல் வந்ததற்கு என் பென்ஷன்தான் காரணம். அவர் கெட்டவர் இல்லை என்று சிலர் சொல்வார்கள், மேலிடத்து நெருக்கடி என்பார்கள். இருக்கட்டும். அந்த நெருக்கடியைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவர் யார் தலையில் இறக்கினார் என்று பார்த்தவன் நான்.

நானே கோர்ட்டுக்குப் போனேன். நீதிபதி என்னைப் பொறுமையாகத்தான் கேட்டார். கம்பெனி சார்பில் வந்திருக்கிறீர்களா என்றார். இல்லை, நானாக வந்தேன் என்றேன். கம்பெனி கொடுத்த கடிதம் தவறு என்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். அதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு ரேடியோவில் கேட்ட கரகரப்பு. கழற்றி எறிந்துவிட்ட ஒரு சுவிட்ச். சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த மெஷின் ஓடியதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சரசுவைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடலாமா என்று வக்கீல் மெர்சியைத் திரும்பிப் பார்த்தார். மெர்சி வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். மகளா, சரசுவா என்று அவரைத் தேர்ந்தெடுக்க வைத்தோம் நாங்கள். கம்பெனி ஒரு வரி சரியாக எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

வழக்கு முடிகிறவரை சனிக்கிழமைப் பேச்சு நிறுத்தி வைக்கப்பட்டது. அனுமதியில்லாமல் கோர்ட்டுக்குப் போனதற்கு எனக்கு ஆபீஸில் ஒரு மெமோ. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்ததால் அதோடு விட்டார்கள். பிறகுதான் அந்த சால்வை.

மனசு கேட்காமல், அந்த உத்தரவு வந்த சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மெர்சியைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமலேயே போனேன். வாசலில் நுழையும்போதே கிரைண்டர் சத்தம். நான் கடைசி வீட்டை நோக்கி நடந்ததும் சரசு மாவுக் கையோடு ஓடிவந்து வழியை மறித்தார்.

"சார், சார், இப்ப போவாத. மணி நாலு ஆவுது பாரு. கொயந்தையாண்ட பேசிக்கினு கீது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. மெர்சி சொல்லவில்லை.

"இப்பல்லாம் லைன் கட்டே ஆவறதில்ல சார். முய்சா அரை மணி நேரமும் பேசுது. எல்லாம் நீ செஞ்ச புண்ணியம். உன் புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார். "ஆனா சார், இன்னும் அய்துகினுதான் கீது. அதான் நானும் மிஷினைப் போட்டுக்கினே கீறேன்."

அவர் தோளுக்கு மேலே மெர்சி வீட்டு ஜன்னல் பாதி திறந்திருந்தது. மெர்சி அதே நல்ல புடவையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பொம்மை இருந்தது. கம்ப்யூட்டரை அவர் போடவே இல்லை, திரை கறுப்பாக இருந்தது. பக்கத்தில் மோடத்தில் லைன் விளக்கு பச்சையாக, ஒரு தடவைகூட மினுக்காமல் எரிந்துகொண்டிருந்தது.

சரசு உள்ளே போய் இன்னொரு கை அரிசியை அள்ளி மெஷினில் போட்டார்.